ஒரு நாற்காலி, மூன்று ஆளுநர்கள்: ஜார்ஜியா 1947

1947 ஜனவரி மூன்றாம் வாரத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரில் நின்றுகொண்டு "ஜார்ஜியாவின் ஆளுநர் யார்?" என்று கேட்டிருந்தால், பதில் சொல்கிறவரைப் பொறுத்து மூன்று பெயர்கள் வந்திருக்கும். பதவிக்காலம் முடிந்தும் நாற்காலியை விட்டுக்கொடுக்காத எல்லிஸ் ஆர்னால். நள்ளிரவு தாண்டிச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த ஹெர்மன் டால்மேட்ஜ். துணை ஆளுநராக மக்கள் தேர்ந்தெடுத்த மெல்வின் தாம்ப்சன். மூவரும் ஒரே கட்சி, ஜனநாயகக் கட்சி. மக்கள் உண்மையில் ஆளுநராகத் தேர்ந்தெடுத்தவரோ ஹெர்மனின் அப்பா யூஜின் டால்மேட்ஜ். அவர் இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது.

அமெரிக்க மாநில ஆளுநரை மேலிருந்து யாரும் நியமிப்பதில்லை. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர் முதலமைச்சருக்குரிய வேலையைச் செய்பவர் அவர்தான். அதனால் இது அலங்காரப் பதவிக்கான சண்டை இல்லை. காவல், சிறை, சாலை, மாநிலப் படை எல்லாம் யார் பேச்சைக் கேட்பது என்ற சண்டை.

இந்த விவகாரத்தைச் "சட்டத்தில் இருந்த ஓட்டை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். சட்டத்தில் ஒரு குறை இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குறை மட்டும் இருந்திருந்தால் நான்கு நாள் குழப்பத்தோடு போயிருக்கும். வாக்குகளை எண்ணி அறிவிக்கும் வேலையும், யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்றால் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் ஒரே அவையின் கையில் இருந்தன. பிரச்சினையின் வேர் அங்கே இருக்கிறது என்பதே என் வாதம். அதற்கு முன்னால், யூஜின் எப்படி ஜெயித்தார் என்று பார்க்க வேண்டும்.

தோற்றவரைவிடக் குறைவாக வாங்கி ஜெயித்தவர்

யூஜின் டால்மேட்ஜ் தென்ஜார்ஜியாவின் விவசாயிகளிடம் செல்வாக்குள்ள அரசியல்வாதி. சிவப்பு நிறத் தோள்வாரை இழுத்து விட்டுக்கொண்டு மேடையில் முழங்குவார். வெள்ளையர் ஆதிக்கம் என்பதை மறைக்காமல் கொள்கையாகவே சொன்னவர். 1933 முதல் 1937 வரையும், மறுபடி 1941 முதல் 1943 வரையும் ஆளுநர். இரண்டாவது முறை வந்தபோது ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறைத் தலைவர் வால்டர் காக்கிங், கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் சேர்த்துப் படிக்கவைக்கப் பார்க்கிறார் என்று குற்றம்சாட்டி அவரைப் பதவியிலிருந்து நீக்க வைத்தார். அதனால் மாநிலத்தின் வெள்ளையர் கல்லூரிகள் அங்கீகாரத்தை இழந்தன. பட்டம் செல்லாமல் போகும் என்றதும் பெற்றோர்களுக்கே கோபம் வந்தது. 1942 தேர்தலில் ஆர்னாலிடம் தோற்றார்.

ஆர்னால் 35 வயதில் ஆளுநரானார். 1943-ல் 18 வயதினருக்கு வாக்குரிமை கொடுத்த முதல் மாநிலம் ஜார்ஜியா. அவர் காலத்து வேலை. 1945-ல் வாக்குரிமைக்குக் கட்ட வேண்டியிருந்த தலைவரியை ஒழித்தார். அதே ஆண்டு புதிய மாநில அரசியல் சட்டமும் வந்தது. துணை ஆளுநர் பதவி அதில்தான் உருவானது. ஒருமுறை ஆளுநரானவர் அடுத்த முறையும் தொடர்ந்து நிற்க முடியாது என்ற தடை அதிலும் இருந்தது. அதை நீக்க நடந்த முயற்சி சட்டமன்றத்தில் தோற்றது. ஆர்னால் ஒதுங்க வேண்டியதாயிற்று.

1946 ஜூலை 17 அன்று நடந்த ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்தான் உண்மையான தேர்தல். குடியரசுக் கட்சி அங்கே பெயருக்குத்தான் இருந்தது என்பதால், பிரைமரியில் ஜெயித்தவர் நவம்பரில் ஜெயித்த மாதிரியே. அந்தப் பிரைமரி வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த வழக்கம் நீதிமன்றத் தீர்ப்புகளால் அப்போதுதான் உடைந்திருந்தது. 1944-ல் டெக்சாஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. கொலம்பஸ் நகரில் வாக்களிக்க முயன்று திருப்பி அனுப்பப்பட்ட பிரைமஸ் கிங் தொடுத்த வழக்கு ஜார்ஜியாவில் கதவைத் திறந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின வாக்காளர்கள் பதிவு செய்தார்கள். அந்தக் கதவை மறுபடி அடைப்பேன் என்பதே யூஜினின் பிரசாரம்.

எதிரே நின்றவர் ஜேம்ஸ் கார்மைக்கேல். போர்க்காலத்தில் மேரியட்டாவில் இருந்த விமானத் தொழிற்சாலையை நடத்தியவர், ஆர்னாலின் ஆதரவு பெற்றவர். வாக்குகளை எண்ணியபோது கார்மைக்கேலுக்குச் சுமார் 3,13,000, யூஜினுக்குச் சுமார் 2,97,000. ஆனால் ஜெயித்தவர் யூஜின். காரணம், "கவுண்டி யூனிட்" என்ற ஏற்பாடு. மாநிலத்தின் 159 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) மக்கள்தொகை மிகுந்த எட்டுக்குத் தலா 6 யூனிட், அடுத்த முப்பதுக்குத் தலா 4, மிச்சமிருந்த 121-க்கும் தலா 2. அந்தக் கவுண்டியில் முதலில் வந்தவருக்கு மொத்த யூனிட்டும் போகும். அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டியின் லட்சக்கணக்கான மக்களும், சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் மூன்று குட்டிக் கவுண்டிகளும் சமம். டிராம் ஓடும் ஊர்களின் ஓட்டே எனக்கு வேண்டாம் என்று யூஜின் சொல்வாராம். சொன்னதில் தப்பில்லை, கணக்கு அப்படித்தான் இருந்தது. மொத்தம் 410 யூனிட்டில் யூஜினுக்கு 242, கார்மைக்கேலுக்கு 146, மூன்றாமவரான முன்னாள் ஆளுநர் எட் ரிவர்ஸுக்கு 22.

பிரைமரி முடிந்து எட்டாம் நாள், ஜூலை 25 அன்று, வால்டன் கவுண்டியின் மூர்ஸ் ஃபோர்டு பாலத்தருகே ஒரு கும்பல் இரண்டு கறுப்பினத் தம்பதிகளைச் சுட்டுக்கொன்றது. அந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. ஜார்ஜியாவின் அப்போதைய காற்று எப்படி வீசியது என்பது இதில் தெரியும்.

எழுதிப் போட்ட பெயர்கள்

யூஜினுக்கு உடம்பு சரியில்லை. நெருங்கியவர்களுக்கு இது தெரியும், வெளியே சொல்ல முடியாது. நவம்பர் 5 பொதுத்தேர்தல். வாக்குச்சீட்டில் யூஜின் பெயர் இருக்கிறது, எதிரே யாருமில்லை. அவர் பதவியேற்கும் முன்பே இறந்துவிட்டால்?

ஆதரவாளர்கள் அரசியல் சட்டத்தைப் புரட்டினார்கள். ஆளுநர் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காவிட்டால், அதிக வாக்குப் பெற்றவர்களில் உயிரோடு இருக்கும், பதவியை மறுக்காத இருவரிலிருந்து ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும் என்று அதில் இருந்தது. உயிரோடு இருக்கும் இருவர்! அமெரிக்கத் தேர்தலில் சீட்டில் அச்சிடாத பெயரையும் வாக்காளர் கையால் எழுதிப் போடலாம். சில நூறு பேர் ஹெர்மன் பெயரை எழுதிப் போட்டால் போதும், அப்பா இறந்தால் மகன் "அடுத்த இடத்தில்" இருப்பார். பிரசாரம் எதுவும் இல்லாமல், காதோடு காதாக இது நடந்தது. ஊரறியச் சொன்னால் தலைவர் சாகக் கிடக்கிறார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

யூஜின் சுமார் 1,43,000 வாக்குகளோடு ஜெயித்தார். டிசம்பர் 21 அன்று அட்லாண்டா மருத்துவமனையில் இறந்தார். அதே நவம்பர் தேர்தலில் மாநிலத்தின் முதல் துணை ஆளுநராகத் தேர்வாகியிருந்தவர் மெல்வின் தாம்ப்சன். பள்ளிக் கல்வித் துறையிலிருந்து வந்தவர், ஆர்னாலின் கீழ் வருவாய்த் துறை ஆணையராக இருந்தவர், ஆகவே டால்மேட்ஜ் அணிக்கு ஆகாதவர்.

இப்போது மூன்று வாதங்கள். ஆளுநர் நான்கு ஆண்டும், அடுத்தவர் முறையாக வரும்வரையும் பதவியில் இருப்பார் என்கிறது சட்டம். அடுத்தவர் வரவில்லை, ஆகவே நானே ஆளுநர் என்றார் ஆர்னால். தாம்ப்சன் பதவியேற்றதும் விலகி அவரிடம் ஒப்படைப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னார். ஆளுநர் இறந்தால் துணை ஆளுநர் பொறுப்பேற்பார் என்கிறது சட்டம், ஆகவே நான் என்றார் தாம்ப்சன். இதில் ஒரு முள் இருந்தது: இறந்தவர் இன்னும் ஆளுநராகவில்லை, தேர்தலில் ஜெயித்தவர் மட்டும்தான். மூன்றாவது வாதம் ஹெர்மனுடையது. அதிக வாக்குப் பெற்றவர் இறந்துவிட்டதால் மிச்சமுள்ளவர்களிலிருந்து சட்டமன்றமே தேர்ந்தெடுக்கட்டும்.

58 வாக்குகள்

சட்டமன்றம் ஜனவரி 13 அன்று கூடியது. வாக்கு விவரங்கள் அடங்கிய உறைகளைப் பிரித்து, முடிவை அறிவிப்பது அதன் வேலை. எழுதிப் போட்ட வாக்குகளை எண்ணினால் கார்மைக்கேலுக்கு 669. குடியரசுக் கட்சிக்காரர் ஒருவருக்கு 637. அவர் பெயர் டால்மேட்ஜ் போவர்ஸ், குடும்பத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, கல்லறைக் கல் விற்கும் தொழில். ஹெர்மனுக்கு 617. மூன்றாம் இடம். இருவரில் ஒருவர் என்ற விதிப்படி அவர் பெயர் பட்டியலிலேயே வராது.

அப்புறம் ஒரு திருப்பம். டெல்ஃபேர் கவுண்டியில் எண்ணாமல் விட்டுப்போன 58 வாக்குகள் கிடைத்தன என்றார்கள். எல்லாம் ஹெர்மனுக்கு. 617-ம் 58-ம் 675. ஆறு வாக்கு வித்தியாசத்தில் அவர் முதலிடம். டெல்ஃபேர் எங்கே இருக்கிறது? டால்மேட்ஜ் குடும்பத்தின் சொந்த மண்.

அட்லாண்டா ஜர்னல் நாளிதழின் செய்தியாளர் ஜார்ஜ் குட்வின் பிறகு அந்த ஊருக்கே போய்ப் பட்டியலைப் பார்த்தார். ஹெலினா என்ற வாக்குச்சாவடியில் வாக்காளர்கள் அகரவரிசைப்படி வந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஆங்கில எழுத்து வரிசையில், ஒருவர் பின் ஒருவராக. அவர்களில் செத்தவர்களும் இருந்தார்கள், ஊரைவிட்டே போய்விட்டவர்களும் இருந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் செய்தி வெளியானது. அடுத்த ஆண்டு குட்வினுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. திருடுகிறவர்கள் கொஞ்சம் கலைத்துப் போட்டிருக்கலாம். யாரும் வந்து பார்க்கமாட்டார்கள் என்ற தைரியம் போலிருக்கிறது.

பார்வையாளர் மாடமெல்லாம் நிரம்பி வழிய, ஜனவரி 15 அதிகாலையில் வாக்கெடுப்பு நடந்தது. 161-க்கு 87 என்று ஹெர்மன் ஆளுநரானார். வயது 33. பசிபிக் போரில் கடற்படையில் இருந்துவிட்டு வந்து அப்பாவின் பிரசாரத்தை நடத்தியவர். பதவியேற்ற கையோடு ஒரு பெரும் கூட்டத்துடன் ஆர்னாலின் அறைக்குப் போனார். ஆர்னால் எழவில்லை. சட்டமன்றத்துக்கு இந்த அதிகாரம் கிடையாது, நீர் உரிமையில்லாமல் கேட்கிறவர் என்று சொல்லி அனுப்பினார். வெளியே தள்ளுமுள்ளு. ஆர்னாலின் உதவியாளர் ஒருவருக்குத் தாடை உடைந்தது.

அன்று பகல் முழுதும் ஒரே அலுவலகத் தொகுப்பில் இரண்டு ஆளுநர்கள் வேலை பார்த்தார்கள். உள்ளறையில் ஒருவர், வெளியறையில் இன்னொருவர். இரவோடு இரவாக ஹெர்மன் ஆட்கள் பூட்டுகளை மாற்றினார்கள். ஆன்ஸ்லி பார்க்கில் இருந்த ஆளுநர் மாளிகையும் கைமாறியது. மறுநாள் வந்த ஆர்னாலை மாநிலக் காவலர்கள் உள்ளே விடவில்லை. அவர் சட்டமன்றம் இயங்கும் கேபிடல் கட்டடத்தின் வட்டக்கூடத்தில் இருந்த விசாரணை மேசையில் உட்கார்ந்து ஆட்சி செய்ய முயன்றார். மேலிருந்து யாரோ பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். கடைசியில் நகரத்தில் இருந்த தன் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். ஜனவரி 18 அன்று தாம்ப்சன் துணை ஆளுநராகப் பதவியேற்க, ஆர்னால் சொன்னபடி விலகினார். மூன்று இரண்டாகக் குறைந்தது.

இந்தக் கூத்தில் எனக்குப் பிடித்த ஆள் மாநிலச் செயலாளர் பென் ஃபோர்ட்சன். ஆளுநர் ஆணை செல்ல வேண்டுமென்றால் மாநில முத்திரை விழ வேண்டும், முத்திரையோ அவர் பொறுப்பில். நீதிமன்றம் சொல்லும்வரை யாருக்கும் கிடையாது என்று அதை ஒளித்துவிட்டார். சக்கர நாற்காலியில் இயங்கியவர் அவர். மெத்தைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார். வீரக்கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு இது நிர்வாக அறிவாகப் படுகிறது. அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. தன் கையில் இருந்த ஒரே ஒரு வேலையைச் செய்ய மறுத்து, இரண்டு பேரின் கையெழுத்தையும் பாதி மதிப்புக்கு இறக்கிவிட்டார்.

ஹெர்மன் சும்மா இருக்கவில்லை. பிரைமரி குறித்த மாநிலச் சட்டங்களையெல்லாம் நீக்கி, கட்சியைத் தனியார் மன்றம் போலாக்கி, மறுபடி வெள்ளையர்களை மட்டும் வாக்களிக்க விடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றச் செய்தார். அப்பா கொடுத்த வாக்குறுதி அது. இந்தப் பதவிச் சண்டை எதற்காக என்பதும் அதில் தெரிகிறது. நாற்காலி மட்டும் அல்ல, யார் ஓட்டுப் போடுவது என்பதே பந்தயம்.

தீர்ப்பு

கீழ் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னபின், மார்ச் 19 அன்று ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்று முடித்தது. தர்க்கம் நேரானது. உறைகளைப் பிரித்து முடிவை அறிவிப்பதுதான் சட்டமன்றத்தின் முதல் கடமை. அதில் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. யூஜினுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. பின்னால் அவர் இறந்ததால் அந்தப் பெரும்பான்மை இல்லாமல் போய்விடாது. யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது மட்டுமே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பிறக்கிறது. அது பிறக்கவே இல்லை. ஆகவே ஹெர்மன் தேர்வு செல்லாது. அடுத்தவர் வராததால் ஆர்னால் ஆளுநராகத் தொடர்ந்தார். அவர் விலகியதும் தாம்ப்சன் பொறுப்பு ஆளுநர்.

இதைக் கவனிக்க வேண்டும்: அந்த 58 வாக்குகள் தீர்ப்பின் அடித்தளம் அல்ல. டெல்ஃபேர் வாக்குகள் சுத்தமானவையாக இருந்தாலும் ஹெர்மன் தோற்றிருப்பார். மோசடி இந்த வழக்கின் சுவையான பகுதி, முடிவைத் தீர்மானித்த பகுதி அல்ல. ஆனாலும் மோசடிக்கு ஏன் அவசியம் வந்தது, அது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் எனக்கு முக்கியம். எண்ணுகிற அவையே தேர்ந்தெடுக்கவும் செய்யும் என்றால், எண்ணிக்கையில் தனக்கு வேண்டியது வரும்வரை காத்திருக்க அதற்கு எல்லாக் காரணமும் உண்டு. வெளியாள் ஒருவர் எண்ணியிருந்தால் அந்த 58 வாக்குகளை நள்ளிரவில் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

சட்டம் எழுதியவர்களும் தப்பிக்க முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் பதவியேற்கும் முன் இறந்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட துணை அதிபர் அதிபராவார் என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் இருபதாவது திருத்தம் 1933-லேயே எழுதிவிட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து ஜார்ஜியா புதுச் சட்டம் எழுதும்போது, துணை ஆளுநர் பதவியை உருவாக்கும் அதே மேசையில், கண்ணெதிரே இருந்த அந்த வாசகத்தைப் போடாமல் விட்டார்கள். 1983-ல் வந்த ஜார்ஜியா அரசியல் சட்டத்தில் ஆளுநரோடு சேர்த்துத் "தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர்" இறந்தாலும் என்று தெளிவாகவே இருக்கிறது.

ஹெர்மன் தகராறு செய்யாமல் வெளியேறினார். கடைசி நீதிமன்றம் மக்கள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார், அது சும்மா பேச்சும் இல்லை. தாம்ப்சன் வெள்ளையர் பிரைமரி மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். ஜெக்கில் தீவை மாநிலத்துக்காக 6,75,000 டாலருக்கு வாங்கினார். பணக்காரர்களின் குளிர்கால விடுதியாக இருந்த தீவு பொதுச் சொத்தானது. ஆனால் மிச்சக் காலத்துக்கு 1948-ல் தேர்தல் வைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் செப்டம்பர் பிரைமரியில் ஹெர்மன் தாம்ப்சனைத் தோற்கடித்தார், இந்த முறை யூனிட்டிலும் வாக்கிலும். 1955 வரை ஆளுநர், 1957 முதல் 1981 வரை செனட்டர். தீர்ப்பு அவரிடமிருந்து பிடுங்கியது ஒன்றரை ஆண்டுதான்.

கவுண்டி யூனிட் முறை 1962 வரை உயிரோடு இருந்தது. அந்த ஆண்டு கீழ் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கொள்கையை நிலைநாட்டிய 1963 தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அது செல்லாது என்றது. சட்டமன்றம் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் பிரிவு மட்டும் தொடப்படாமலே கிடந்தது.

1966-ல் அது மறுபடி எழுந்தது. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் லெஸ்டர் மேடக்ஸ், தன் உணவகத்துக்குக் கறுப்பினத்தவரை விடாமல் விரட்டியடித்துப் பெயர் வாங்கியவர். குடியரசுக் கட்சியின் போ காலவே அவரைவிடச் சுமார் 3,000 வாக்கு அதிகம் பெற்றார். இருவரையும் பிடிக்காதவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளில் ஒரு பெயரை எழுதிப் போட்டதால் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. அந்தப் பெயர் எல்லிஸ் ஆர்னால். பிரைமரியின் மறுசுற்றில் மேடக்ஸிடம் தோற்றிருந்தவர். சட்டமன்றம் இதைத் தீர்மானிக்கலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. மாநிலத் தரப்பில் அதில் இருக்கும் பெயர் ஃபோர்ட்சன், அதே மாநிலச் செயலாளர். 5-க்கு 4 என்று நீதிமன்றம் அனுமதித்தது. ஜனநாயகக் கட்சியினர் நிறைந்த சட்டமன்றம், அதிக வாக்கு வாங்கிய காலவேயை விட்டுவிட்டு, 1967 ஜனவரியில் 182-க்கு 66 என்று மேடக்ஸைத் தேர்ந்தெடுத்தது.

இந்த முறை உறை எதுவும் புதிதாகக் கிடைக்கவில்லை, யாரும் பூட்டை மாற்றவில்லை. எல்லாம் சட்டப்படி நடந்தது. 1968-ல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி, யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கிடையே மக்களே மறுபடி ஓட்டுப் போடுவார்கள் என்று மாற்றினார்கள்.